கூட்டம் கலைஞ்சாச் சரி

இன்னொரு பாட்டில் தண்ணி குடிக்கோணுமாமா. அந்த ஸ்கேன் சென்டர்ப் புள்ள கதவத் தொறந்து தலைய மட்டும் வெளிய நீட்டி, "வசந்தாமணி அக்கா, ஒண்ணுக்கு முட்டுதுங்களா?"ன்னு கேக்குது, இத்தன ஆம்பளைங்க வரிசையா உக்காந்திருக்கறப்ப, தக்காளி என்ன வெலைன்னு கேக்கறாப்பல. இல்லைன்னு தலைய ஆட்டுனேன். "குடிச்சுட்டு அப்படியே வராண்டால நடங்கக்கா. நல்லா முட்டுனதும் சொல்லுங்க, அப்பத்தான் உள்ள தெளிவாத் தெரியும்." கதவு சாத்திக்கிச்சு. முட்டுதா முட்டலையான்னு எனக்கெப்படி அம்மிணி தெரியும்? பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல இத்தன வருசம் நின்னவளுக்கு அதெல்லாம் மரத்துப் போச்சு. காலையில டேபிளுக்குப் போனா மத்தியானம் சோத்துக்கு மணி அடிக்கறப்பத்தான் பாத்ரூம். நடுவுல எந்திரிச்சுப் போனா பீஸ் கொறையும், பீஸ் கொறஞ்சா சூப்பர்வைசர் மூஞ்சி கோணும், அதுக்குப் பயந்தே தண்ணியக் கொறச்சுக்கிட்டவங்கதான் நாங்க அத்தன பேரும். பொறகு நானே சூப்பர்வைசர் ஆயி, போயிட்டு வாங்கடி, அடக்காதீங்கடின்னு தொரத்தி உட்டாலும் அவளுகளுக்கும் அந்தப் பழக்கம் போகலை, எனக்கும் போகலை. இப்ப என்னடான்னா குடி குடி, அடக்கு அடக்குங்கறாங்க. அடக்கறதுல எனக்குப் பரிசே குடுக்கலாம். அடக்க முடியாத ஒண்ணு நெஞ்சுக்கு நடுவுல உக்காந்திருக்குது, போன ஸ்கேன்ல இருந்து, ரெண்டு வாரமா. இன்னிக்குப் பாத்துட்டாத் தெரிஞ்சுரும்னாரு டாக்டரு. தெரிஞ்சுரும். தெரியாமயே இருந்தா இப்ப என்ன கெட்டுப் போச்சு? பாட்டில் மூடியத் திருகுனா வழுக்குது, கையெல்லாம் வேர்வை. ஏசிக்குள்ள உக்காந்துக்கிட்டு வேக்குது பாரு எனக்கு.

வராண்டாக் கம்பியப் புடிச்சுக் கீழ எட்டிப் பாத்தா எங்க வீட்டுக்காரரு தெரியறாரு. வண்டி நிறுத்தற எடத்துல, வேப்பமரத்துக்குக் கீழ, பைக் மேல சாஞ்சுக்கிட்டு. மேல வாங்கன்னா வரமாட்டாரு, ஆஸ்பத்திரி வாசம் ஆகாதாமா அவருக்கு. கீர்த்தனா பொறந்தப்பவே வாசலோட நின்ன ஆளு, புள்ளைய வெளிய கொண்டாந்துதான் காட்டுனாங்க. நாச்சிமுத்துன்னு பேரு, நிட்டிங் மெசின் ஓட்டறவரு. அந்த மெசின் சத்தத்துலயே இருந்து இருந்து வீட்லயும் கத்தித்தான் பேசுவாரு. கொழம்புல உப்புக் கொறஞ்சாக் கத்து, சாவி காணலைன்னாக் கத்து, மழை பேஞ்சாக் கத்து, பேயலைன்னா அதுக்கும் எங்கிட்டத்தான் கத்து. நானும் லேசுப்பட்டவ இல்ல, ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பிக் குடுப்பேன். அப்படியே ஓடிக்கிட்டிருந்த குடும்பம். போன ஸ்கேன் ரிப்போர்ட்டு கைக்கு வந்ததுல இருந்து மனுசன் கத்தறதே இல்ல. தட்டக் கழுவி வெக்கறாரு. திராட்சை வாங்கிட்டு வர்றாரு, அதுவும் வெதையில்லாதது, எதுக்குங்கன்னா "சாப்புடு வசந்தா"ங்கறாரு. வசந்தாவாமா! எப்பவும் ஏ புள்ளைன்னுதான் கூப்புடுவாரு, எனக்கு ஒரு பேரு இருக்கறதே அந்த ஆளுக்கு மறந்து போயிருக்கும்னு நெனச்சிருந்தேன். போன வெள்ளிக்கெழம மல்லியப்பூ. அந்தக் கையி என்னிக்காச்சும் பூ வாங்குன கையா? தலையில வெக்கறப்பவே நெனச்சேன், ஐயோ, இந்த மனுசன் முடிவே கட்டிட்டாரு போலிருக்குதேன்னு. வயித்துல இருக்கற நோவு கூட அவ்வளவு பயமில்ல, இவரு இப்படித் தங்கமா மாறுனதுதான் பயம். ஒருக்காவாச்சும் கத்துங்களேன்னு வாய்விட்டே கேட்டுட்டேன். "எதுக்கு கத்தோணும்"னு மெல்லமாச் சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கீர்த்தனாவுக்கு இன்னும் சொல்லலை, கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல இருக்குது, பரிச்சை நடக்குது, முடியட்டும். முடிஞ்சப்பறம் அதுகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒண்ணுமில்ல கண்ணுன்னா, இல்ல வேற மாதிரின்னா?

வேற மாதிரி. அது மகுடீஸ்வரன் டாக்டரு சொன்ன வார்த்தை. வயித்து டாக்டரு, பொறுமையான மனுசன், கொறை சொல்ல முடியாது. அன்னிக்கு வலது பக்கம் அடிவயித்துல சுருக்கு சுருக்குன்னு வலி, கூடவே காச்சலு. மாத்திரைய முழுங்கிக்கிட்டே டேபிள்ல நின்னுட்டேன், சரக்கு கப்பலுக்குப் போற நேரம், லீவு கேட்டா நடக்கற காரியமா. தாங்க முடியாமப் போனப்பறந்தான் குடல்வாலா இருக்கும்னு ஓடுனோம். ஸ்கேனப் பாத்துட்டு, "குடல்வால் நல்லாத்தாம்மா இருக்குது, குடலச் சுத்தித்தான் நெறி கட்டியிருக்குது"ன்னாரு. வயித்துக்குள்ள நெறியா? கால்ல முள்ளு ஏறிச் சீழ் புடிச்சாத் தொடையிடுக்குல நெறி கட்டும், அது தெரியும். வயித்துக்குள்ள எவன் போயி முள்ளுக் குத்துனான்? கேட்டே போட்டேன். அவரு சிரிச்சுட்டு ஒரு மாத்திரை டப்பாவப் பிரிச்சு அதோட உள்பக்கத்துல படம் போட்டாரு. "இது குடலு. இதோட செவுத்துக்குள்ள காவக்காரச் செல்லுங்க இருக்குது. சாப்பாட்டோட கெட்ட கிருமி வந்தா அதுல ஒண்ணு அந்தக் கிருமியப் புடிச்சுத் தின்னுட்டு, அதோட ஒரு துணுக்க மட்டும் எடுத்து மேல மாட்டிக்கிட்டு, இருந்த எடத்த உட்டுக் கெளம்பிரும். உள்ள நிணநீர்க் குழாயின்னு சின்னச் சின்ன வாய்க்கா ஓடுது, அது வழியாப் போயி, இப்ப நெறி கட்டியிருக்கற இந்த முடிச்சுக்குள்ள நொழையும். அங்க சண்டைக்காரச் செல்லுங்க இருப்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயாப் போயி, இது தெரியுதா, இது தெரியுதான்னு காட்டும். தெரிஞ்ச ஆளு ஒண்ணு சிக்குச்சுன்னா அது ஒண்ணு ரெண்டாயி, ரெண்டு நாலாயி, பெருங்கூட்டமாயிரும். அந்தக் கூட்டந்தான் வீக்கம். பொறகு அத்தனையும் கெளம்பித் திரும்பக் குடலுக்கே வந்து கிருமிய அடிக்கும். சண்டை முடிஞ்சாக் கூட்டம் கலைஞ்சு முடிச்சு வத்திரும்." அப்படீன்னா நல்லதுதானுங்களேன்னேன். "பெரும்பாலும் அதுதாம்மா. டிபியா இருந்தாலும் இப்படித் தெரியும், அதுக்கு மருந்து இருக்குது. எப்பவாச்சும் வேற மாதிரியும் இருக்கும். ரெண்டு வாரங்கழிச்சு இன்னொரு ஸ்கேன் பாத்துருவோம். கூட்டம் கலைஞ்சாச் சரி. கலையலைன்னா ஒரு துளி சதைய எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்போணும்." அவரு அத்தன நேரம் சொன்னதுல வேற மாதிரிங்கறது மட்டும் மண்டைக்குள்ள சிக்கிக்கிச்சு. குக்கர் விசில் அடிச்சா வேற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி என்னக்கா எளைச்சுட்டீங்கன்னா வேற மாதிரி. பஸ்ஸுல ஜன்னலோரம் எடம் கெடைச்சா, அட இன்னிக்கு எடம் கெடைச்சிருச்சேன்னு சந்தோசப்படறதுக்குள்ள, வேற மாதிரி. அந்த நோவோட பேரையே சொல்லித் தொலைச்சிருக்கலாம் அந்த டாக்டரு. பேரச் சொல்லாம உட்டா அது பாட்டுக்கு வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்குது.

ஆனா அந்தக் காவக்காரச் செல்ல எனக்குப் புடிச்சுப் போச்சு. யாரும் போன்னு சொல்லாமயே அதுவா எந்திரிச்சுப் போகுதே! நானும் ஒருக்கா அப்படிப் போயிருக்கறேன். செக்கிங்ல சேந்த புதுசு. வெளிநாட்டு ஆர்டரு, கைக்கொழந்தைங்க உடுப்பு, மஞ்சக் கலரு, நெஞ்சுல வாத்துப் படம் போட்டது. தோள்பட்டைத் தையல்ல வெரல ஓட்டறேன், என்னமோ நறுக்குன்னுது. பாத்தா ஊசி மொனை. தைக்கறப்ப ஊசி ஒடைஞ்சு உள்ளயே நின்னிருக்குது, தெச்ச புள்ள பயந்துக்கிட்டுச் சொல்லாம உட்டிருக்குது. பக்கத்து டேபிள்க்காரி, புடுங்கிப் போட்டுட்டுப் பேசாம இருடி, உனக்கெதுக்கு இந்த வம்புங்கறா. எனக்கு அந்த வாத்தப் பாத்தா மனசு கேக்கலை, எந்த ஊருக் கொழந்தையோ, அதோட தோளுல குத்துமே. உடுப்ப ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, மெசின் ஓடற லைனுக்கு நடுவுல நடந்து, அந்தக் கோடியில இருக்கற மேனேஜர் மேசைக்குப் போறேன். காலு பின்னுது. நான் தாண்டத் தாண்ட ஒவ்வொரு மெசினா நிக்குது. மேனேஜர் எந்திரிச்சாரு, மெக்கானிக் ஓடியாந்தாரு, கட்டிங்காரங்க, அயர்ன் டேபிள்க்காரங்க, என்னையச் சுத்தி ஈ மொய்க்கறாப்பல கூட்டம். வெளிய டீ குடிச்சுட்டு வந்த வாட்ச்மேன் தூரத்துல இருந்து அந்தக் கூட்டத்தப் பாத்துட்டு, எவனோ கரண்டு அடிச்சுச் செத்துட்டான்னு நெனச்சு, ஐயோ சாமின்னு கூப்பாடு போட்டுக்கிட்டு வர்றாரு. சாவுமில்ல ஒண்ணுமில்ல, ஒடைஞ்ச ஊசியோட மிச்சத் துண்டத் தேடறதுக்குத்தான் அத்தன பேரும். ஊசித் துண்டு பூராம் கெடைக்காம மறுபடி மெசின் ஓடக்கூடாது, கம்பெனிச் சட்டம் அது. தரையில தவந்து தேடி எடுத்து, துண்டுகள ஒட்ட வெச்சுப் பாத்து, முழு ஊசியும் இருக்குதுன்னு ஆனப்பறம் அவங்கவங்க எடத்துக்குப் போயிட்டாங்க. பொழுதோட பாத்தா அந்த எடமே காலி, எவனோ மறந்து வெச்ச டீ டம்ளர் மட்டும் கெடந்துச்சு. டாக்டரு படம் போடறப்ப எனக்கு அந்த வாத்து உடுப்புத்தான் கண்ணு முன்னால வந்துச்சு. வயித்துக்குள்ள எவளோ ஒருத்தி கையில துணுக்க ஏந்திக்கிட்டுக் காலு பின்ன நடந்து போயிருக்கறா, கூட்டம் கூடியிருக்குது, அதத்தான் ஸ்கேன் மெசின்ல பாத்துட்டு நாமெல்லாம் ஐயோ சாமிங்கறோம். இப்படி நெனச்சா மனசுக்குக் கொஞ்சம் நெல்லாருக்குது. நெல்லாருக்கறதுக்குள்ள அந்த மனசே திரும்பிக்கிட்டுக் கேக்குது, ஏன், நெசமாவே கரண்டு அடிச்சு ஒருத்தன் செத்திருந்தாலும் கூட்டம் அப்படித்தானே கூடியிருக்கும், தூரத்துல நிக்கறவனுக்கு ரெண்டும் ஒரே கூட்டந்தானே?

"அக்கா, ரொம்ப வருது." பக்கத்துச் சேர்ல ஒரு புள்ள. ஒடிசாக்காரப் புள்ள, புருசன் துணிக்குச் சாயம் போடற டையிங்ல வேலையாமா, அவனுக்கு லீவு குடுக்கலையாமா, தனியா வந்திருக்குது. மாசமா இருக்குது, வயிறு இன்னும் தெரியலை, மொத ஸ்கேனு. அதுக்குத் தெரிஞ்ச தமிழே கொஞ்சம், அதுல ரொம்பங்கறதுதான் ரொம்ப. சேரோட கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, காலப் பின்னிக்கிட்டு, கண்ணுல தண்ணி நிக்குது. "ரொம்ப அக்கா, ரொம்ப." கதவு தொறந்துச்சு. "வசந்தாமணி அக்கா, நீங்க வாங்க." அப்பத்தான் எனக்கும் தெரியுது, முட்டுது, எந்திரிச்சா அடிவயிறு கல்லாட்டம் இருக்குது. இருந்தாலும், "இந்தப் புள்ளைய மொதல்ல உடு அம்மிணி, பாவம் துடிக்குது"ன்னுட்டேன். அது எங்கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள ஓடுது. என்னமோ நான் பெரிய மகராசின்னு நெனச்சுக்கிச்சு. இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமயே இருந்துக்கலாம்னுதான் உட்டேன்னு அதுக்குத் தெரியுமா? மறுபடி உக்காந்தா உக்கார முடியலை. நின்னா நிக்க முடியலை. மூலையில வெச்சிருக்கற கண்ணாடித் தொட்டியில ஒரு மீனு சும்மா வாயத் தொறந்து தொறந்து மூடுது, தண்ணிக்குள்ளயே இருக்கறதுக்கு என்ன கவலை. மாரியாத்தா, கூட்டத்தக் கலைச்சு உட்ரு தாயி. வேறொண்ணும் கேக்கலை. அவரு பழையபடி கத்தோணும், கீர்த்தனா பரிச்சை எழுதோணும், நான் திங்கக்கெழம டேபிளுக்குப் போகோணும். இந்த மூணுதான். மூணு கேட்டா ஒண்ணுதான் குடுப்பியோ? அப்படின்னா அந்தக் கத்தறதையே குடு, மத்ததெல்லாம் அதுக்குள்ளயே வந்துரும். கதவு தொறந்துச்சு, அந்தப் புள்ள ஒரு கையில போட்டோ, ஒரு கையில துப்பட்டா, மூஞ்சி பூராச் சிரிப்போட என்னையத் தாண்டிப் பாத்ரூமுக்கு ஓடுது. இனி தள்ளிப் போடறதுக்கு ஆளில்ல.

உள்ள இருட்டு, ஜில்லுன்னு கட்டில், அத விட ஜில்லுன்னு வயித்து மேல அந்தக் கொழகொழ ஜெல்லு. அதே கண்ணாடி போட்ட டாக்டரம்மா. போன தடவ இந்தம்மா ஒரு வார்த்தை பேசலை. கருவிய அழுத்தி நிறுத்துவாங்க, இன்னொரு கையி பட்டன அமுக்கும், டிக். நகத்துவாங்க, நிறுத்துவாங்க, டிக், டிக். ஒவ்வொரு டிக்கும் ஒரு நெறிய அளக்கறதுன்னு அப்பறமாத்தான் தெரிஞ்சுது. தகரத்துல மழை விழுகறாப்பல அன்னிக்கு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்குக் காதத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கறேன். அழுத்தறாங்க. ஐயோ, எங்க போயி அழுத்தறாங்க பாரு, அடக்கறதுல பரிசு வாங்க வேண்டியவளுக்கே உசுரு போகுது. டிக் வரலை. நகத்தறாங்க, வரலை. மேல போயிக் கீழ வந்து அதே வலது பக்கம் தேச்சுத் தேச்சுப் பாக்கறாங்க, வரலை. ஏன் வரலை? அளக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா, இல்ல இனி அளந்து என்னத்துக்குன்னு உட்டுட்டாங்களா? அந்தம்மா மூஞ்சியப் பாத்தா கண்ணாடியில ஸ்கிரீன் வெளிச்சம் மட்டுந்தான் மின்னுது. "பழைய ரிப்போர்ட்ட எடும்மா"ன்னு அந்தப் புள்ளகிட்டக் கேக்கறாங்க. போச்சு. பழசு எதுக்கு இப்ப? நான் போயிட்டா எங்க வீட்டுக்காரருக்குச் சோறாக்கத் தெரியாது, ரசம் வெப்பாரு, அதுலயும் புளிய அள்ளிக் கொட்டுவாரு. கீர்த்தனாவுக்கு எம்பட கொலுசு. பீரோவுல எது எங்க இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பச்சைச் சேலையக் கட்டவே இல்ல, மடிப்புக் கூடக் கலையாம இருக்குது, கட்டியிருக்கலாம், எதுக்கு வெச்சு வெச்சுப் பாத்தேன். டிக். வந்துருச்சு. ஒண்ணு. அடுத்ததுக்குக் காத்திருக்கறேன், காத்திருக்கறேன், அந்தம்மா கருவிய எடுத்து மாட்டிட்டாங்க.

"வலி இருக்குதாம்மா இன்னும்?" "போன வாரமே நின்னுருச்சுங்க." "காச்சல்?" "இல்லீங்க." "இருக்காது. எல்லாம் வத்திப் போச்சு. அன்னிக்கு இங்க கொத்துக் கொத்தா நின்னுச்சு, இன்னிக்கு அளக்கறதுக்கே ஒண்ணும் சிக்கலை. தேடித் தேடி ஒண்ணப் புடிச்சேன், அதுவும் உங்களுக்கும் எனக்கும் எல்லாருக்கும் இருக்கற சைசுதான். குடல்ல ஏதோ கிருமி வந்திருக்குது, போயிருச்சு, அவ்வளவுதான்." கூட்டம் கலைஞ்சிருச்சுங்களான்னு கேட்டேன். "எந்தக் கூட்டம்?"னு அந்தம்மா முழிக்கறாங்க. ஒண்ணுமில்லீங்கன்னேன். "மகுடீஸ்வரன் சாருக்கு நானே போன்ல சொல்லிடறேன், சதையெல்லாம் எடுக்க வேண்டியதில்ல. எந்திரிங்க, மொதல்ல பாத்ரூமுக்குப் போங்க." எப்படி எந்திரிச்சேன், ஜெல்லத் தொடச்சேனா இல்லையா, செருப்பு எங்க, ஒண்ணும் ஞாபகமில்ல. சாமி! இத விட ஒரு சுகம் இந்த ஒலகத்துல இருக்குதா? போகப் போக, போயிக்கிட்டே இருக்குது, அதோடயே கண்ணுல இருந்தும் தண்ணி, ரெண்டு வாரம் அடக்குனது, இருவது வருசம் அடக்குனது, எல்லாம் ஒட்டுக்கா. அழறேனா சிரிக்கறேனா எனக்கே தெரியலை. வயித்துல கைய வெச்சுப் பாத்தேன், மெத்துன்னு இருக்குது. உள்ள கூட்டமாக் கூடுனவளுக அத்தன பேரும் வேலைய முடிச்சுட்டு அவங்கவங்க எடத்துக்குத் திரும்பிட்டாளுக. அந்த மொதல்ல எந்திரிச்சு நடந்தவ என்ன ஆனாளோ, அவளுக்கு ஒரு வாய் டீயாச்சும் குடுத்தாங்களோ என்னவோ. நல்லாயிரு சாமி, எவளா இருந்தாலும் நல்லாயிருன்னேன், கக்கூஸ்ல நின்னுக்கிட்டு. கதவத் தட்டற சத்தம். "அக்கா? அக்கா நல்லா இருக்கா?" அந்த ஒடிசாப் புள்ள, நான் அழறதக் கேட்டுட்டுப் போகாம நின்னிருக்குது. "இருக்கறேன் கண்ணு. ரொம்ப நல்லா இருக்கறேன், ரொம்ப."

படியில எறங்கறப்ப, வாத்து உடுப்ப ஏந்திக்கிட்டுப் போன அன்னிக்கு மாதிரியே காலு பின்னுது. இப்பக் கையில ஒண்ணுமில்ல, ரிப்போர்ட்டு கூட அப்பறம் வாங்கிக்கலாம்னு வந்துட்டேன், ஆனா ரெண்டு கையிலயும் எதையோ ஏந்திக்கிட்டுப் போறாப்பலதான் இருக்குது. வெயிலு பளீர்னு அடிக்குது. அவரு என்னையப் பாத்ததும் பைக்க உட்டு நிமுந்து நின்னாரு. கிட்டப் போறேன். அவரு எம்மூஞ்சியவே பாக்கறாரு, அழுத கண்ணு, செவந்த மூக்கு, பாவம் அதப் பாத்து என்ன நெனச்சாரோ, அவரு ஒதடு காஞ்சு வெள்ளையாப் போச்சு. "ஒண்ணுமில்லீங்க. எல்லாம் வத்திப் போச்சாமா. வேற மாதிரி ஒண்ணுமில்லீங்க." அப்படியே நின்னாரு. ஒரு பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போகுது. பொறகு ஆரம்பிச்சாரு பாருங்க. "ஏ புள்ள, அதுக்கு இத்தன நேரமா? உள்ள ஸ்கேன் எடுத்தியா, இல்ல மெசினையே ஓட்டிப் பழகுனியா? இங்க ஒருத்தன் வெயில்ல நிக்கறானேன்னு நெனப்பிருந்துச்சா உனக்கு? காச்சலோட டேபிள்ல நின்னியே, அறிவிருக்குதா, கம்பெனிய நீதான் தோள்ல தூக்கி வெச்சிருக்கறியா? மனுசன ரெண்டு வாரமாச் சோறு திங்க உடாமப் பண்ணிட்டு வந்து நிக்கறா பாரு! ஏறு வண்டியில!" வண்டி நிறுத்தற எடத்துல இருக்கற அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க. பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். எனக்குக் காது குளுந்து போச்சு. திருப்பிக் குடுக்கறதுக்கு ஒண்ணுக்கு ரெண்டா வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிக்கிட்டு ஏறிப் பின்னால உக்காந்தேன். அவரு கிக்கர ஒதைக்கறாரு. ஸ்டார்ட் ஆகலை. மறுபடி ஒதைக்கறாரு, பாழாப்போன வண்டின்னு அதையும் கத்தறாரு, மறுபடி ஒதைக்கறாரு, மொகத்த மட்டும் இந்தப் பக்கம் திருப்பவே இல்ல, தோளு ரெண்டும் குலுங்குது. வண்டியில சாவியப் போடவே இல்ல, அது சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருக்கறது அவரு தோளுக்கு மேல எனக்குத் தெரியுது. சொல்லலாம். கொஞ்ச நேரம் ஒதைக்கட்டும்னு உட்டுட்டேன்.